பெஸாக் வீட்டு மூன்றாவது டிஸ்க்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லெஹோட்கா ஊராட்சி அலுவலகத்தின் ஒலிபரப்பு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஊராட்சித் தலைவர் கெய்ஸா துர்ச்சான். எழுத்தர் ஸ்லாவ்கா. பழுது பார்க்க வந்த ரெனாட்டா. என் மனைவி ஒட்டிலியா. பிறகு நான், வெண்டெலின் பெஸாக், ஓய்வுபெற்ற நில அளவையாளன். தலைவரின் நாய் போபிக் மேசைக்கடியில் படுத்திருந்தது. ஒன்றை விட்டுவிட்டேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அதையும் சேர்க்கிறேன். கடைக்காரி அங்கே இல்லை. பாதிரியாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளும் மற்ற பத்துப் பதினைந்து பேரும் இல்லை.

மேசைமேல் கணினி பக்கவாட்டு மூடி கழற்றிய நிலையில் நின்றது. அதைப் பற்றித்தான் பேச்சு.

எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்குக் கம்பந்தோறும் இருக்கிற ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பாட்டு வரும். பிறகு ஊர்ச் செய்தி. யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு, கோழிக்குஞ்சு வண்டி எப்போது வருகிறது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை, யாருக்கு எழுபது நிறைகிறது, அவருக்காக எந்தப் பாட்டைப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இருபத்தொன்பது வருடம் அதைப் படித்தவள் என் மனைவி. மரணச் செய்தியை அவள் படிக்கும்போது ஆண்கள் முற்றத்தில் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். இது நான் பெருமைக்காகச் சொல்வதல்ல. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரியில் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. இப்போது கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருப்பாள். நூலில் கோத்த ஒரு சிறிய நோட்டு மார்பில் தொங்கும். சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவாள்.

பழைய கணினியைக் கழித்துக்கட்டியபோது அதிலிருந்த டிஸ்க்கை அலுவலகத்தின் எழுத்து அனுமதியோடு நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். அவள் பதினான்கு வருடம் படித்த செய்திகள் எல்லாம் அதில் பதிவாகி இருக்கின்றன. ஈஸ்டர் முடிந்த வாரம் நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்லாவ்கா செய்தியைப் படிக்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் "அன்பான ஊர்மக்களே, கவனியுங்கள்" என்ற அழைப்பு மட்டும் ஒட்டிலியாவின் குரலில் வரட்டும் என்று கேட்டேன். தலைவர் ஒப்புக்கொண்டார். நகரத்திலிருந்து வந்த ஒருவன் அதை மூன்றாவது டிஸ்க்காக உள்ளே பொருத்தினான். அதே நாளில், ஸ்லாவ்கா தன் குழந்தையை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டியிருப்பதால், காலை ஆறு ஐம்பதுக்குக் கணினி தானாக எழுந்து ஏழு மணிக்குத் தானாக ஒலிபரப்பும்படியும் செய்துவிட்டுப் போனான். செய்தியை ஸ்லாவ்கா முந்தைய நாள் மாலையே படித்துப் பதிவு செய்து வைப்பாள்.

செய்துவிட்டுப் போனான் என்று எழுதினேன். ஆனால் மூன்று வாரமாக அது ஒரு நாள்கூடத் தானாக எழுந்ததில்லை. ஏழு மணிக்கு ஊர் அமைதியாக இருக்கும். ஏழரைக்கு ஸ்லாவ்கா ஓடிவந்து பொத்தானை அழுத்தினால், திரையில் பழைய காலத்து நீல நிறம் வந்து அப்படியே நிற்கும். அதோடு மல்லுக்கட்டி, எட்டு மணிக்கு ஒரு வழியாகப் பாட்டு வரும். முந்தின வாரம் கிழவர் த்ர்கோனின் அடக்க நேரம் மாறியது அப்படித்தான் தாமதமாகத் தெரிந்தது. வேலைக்குப் போய்விட்டவர்கள் வரவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் பதினோரு பேர்தான் நடந்தோம்.

அதனால்தான் தலைவர் கெடு வைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணி. அது தானா எந்திரிச்சுப் பேசினா இருக்கட்டும். இல்லன்னா ஒலிபெருக்கிய மூடிடலாம். எல்லார் போனுக்கும் செய்தி அனுப்புற ஏற்பாட்டுக்கு கவுன்சில்ல ஏற்கனவே பேசிட்டேன்."

"போன்ல ஒட்டிலியாவோட குரல் வருமா?" என்று கேட்டேன்.

"எழுத்துதான் வரும், வெண்டெலின் மாமா."

ஒட்டிலியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த உலகத்தில் அவளுடைய குரல் இன்னும் ஒலிக்கிற ஒரே இடம் அந்தக் கம்பங்கள். அதைக் கெய்ஸாவுக்கு நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் இரந்து பேசியதில்லை.

ரெனாட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது. பக்கத்து ஊர்ப் பால் பண்ணையில் கறவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறாள். கணினியும் பார்ப்பாள். ரப்பர் பூட்சோடுதான் வருவாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இது எந்திரிக்கிறப்ப பச்சக் குழந்தை மாதிரி. தான் யாரு, எந்த வீடுன்னு தெரியாது. எந்த டிஸ்க்குல இருந்து ஆரம்பிக்கணும்னு உள்ள ஒரு வரிசை எழுதி வச்சிருக்கும், அதப் பாத்துத்தான் போகும். இங்க மூணு டிஸ்க். ஒண்ணுல இப்போதைய சிஸ்டம். இன்னொண்ணுல வெறும் பாட்டு. மூணாவது உங்க வீட்டுது, அதுலயும் ஒரு பழைய சிஸ்டம் குந்தியிருக்கு. இது நேரா அங்க போயி, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி முழிச்ச மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குது."

"அப்ப குத்தம் பெஸாக் வீட்டு டிஸ்க்கு மேல" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுப் பொருள் எதுவும் இதுவரைக்கும் ஊருக்குக் கெடுதல் பண்ணதில்ல" என்றேன்.

"மாமா, அந்தப் பழைய சிஸ்டத்த மட்டும் அழிச்சிட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"அதுல ஒரு எழுத்துகூட அழியக் கூடாது."

"அத்தையோட பேச்சத் தொட மாட்டேன். சிஸ்டத்த மட்டும்தான்."

"ஒரு எழுத்துகூட."

ஒட்டிலியா நோட்டில் எழுதி ரெனாட்டாவிடம் நீட்டினாள். ரெனாட்டா சத்தமாகப் படித்தாள்: "'பத்து நிமிஷ வேலைதான். இவர் சரின்னு சொல்ல பத்து வருஷம் ஆகும். வேற வழி பாரு.'"

போபிக்கைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கவில்லை.

ரெனாட்டா வேறு வழி பார்த்தாள். வரிசையை மாற்றி, இப்போதைய சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை முதலில் வைத்தாள். எழும் நேரத்தைச் சோதனைக்காகப் பதினொன்று ஐந்து என்று குறித்துவிட்டுக் கணினியை அணைத்தாள். ஐந்து பேரும் நின்று பார்த்தோம். பதினொன்று ஐந்துக்கு விசிறி சுழன்றது. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக முனகின. மூன்றாவதன் முனகல் கொஞ்சம் கரகரப்பானது, அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். பாட்டு வந்தது. பிறகு அறையில் இருந்த சிறிய ஸ்பீக்கரில் அவளுடைய குரல்.

"அன்பான ஊர்மக்களே, கவனியுங்கள்."

ஒட்டிலியா கழுத்துத் துணிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் உதடுகளும் கூடவே அசைந்தன.

ரெனாட்டா எழும் நேரத்தை மீண்டும் ஆறு ஐம்பதாக்கிவிட்டுப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழுக்கு நான் முற்றத்தில் வெங்காயப் பாத்தியருகே கைக்கடிகாரத்தோடு நின்றேன். கம்பத்திலிருந்து சத்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன வெண்டெலின், உங்க வீட்டு டிஸ்க் இன்னும் தூங்குதா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்று 1988இல் நான்தான் அளந்து கொடுத்தேன், அவன் அதை அரை முழம் தள்ளித்தான் போட்டான். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரெனாட்டா மதியம் வந்தாள். வரிசை பழையபடி மாறியிருந்தது. அவள் தலையைச் சொறிந்தாள்.

"என் முன்னாடி ஒழுங்கா இருக்கு. நான் போனதும் மாறிடுது. எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு."

பிறகு கேட்டாள்: "மாமா, ஒரே ஒரு நாளைக்கு உங்க டிஸ்க்கக் கழட்டித் தர்றேன். வீட்டுல வச்சுக்குங்க. அது இல்லாம எந்திரிக்குதான்னு பாப்போம். எந்திரிச்சா குத்தம் அதுமேலதான், ஒத்துக்கணும்."

ஒப்புக்கொண்டேன். நியாயமான சோதனை. டிஸ்க்கை லினன் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் என் அளவைக் கருவிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலை ஒட்டிலியா வழக்கம்போல மே மாதப் பிரார்த்தனைக்குத் தேவாலயம் போய்விட்டு ஏழேகாலுக்குத் திரும்பினாள். அலமாரிச் சாவியை நான் சட்டைப் பையில் வைத்திருப்பதைப் பார்த்து எழுதினாள்: "நான் உள்ளே இருக்கேன்னு பூட்டினியா?"

புதன்கிழமை காலை ஏழு மணிக்கும் சத்தமில்லை.

சந்தோஷப்பட்டேன் என்றால் தவறாக நினைக்கக் கூடாது. என் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்த டிஸ்க், அலுவலகத்துக் கணினியை எழவிடாமல் செய்திருக்க முடியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனேன். அவர் முன்னால் துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"சரி மாமா, சரி. உங்க டிஸ்க் நிரபராதி. ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்."

அன்று பகலில் ஒட்டிலியா தொண்டைப் பரிசோதனைக்கு நகரத்து மருத்துவமனைக்குப் போயிருந்தாள். பிறகு நடந்ததற்கு இது முக்கியம். அதனால் ரெனாட்டா சொன்னதை அவள் கேட்கவில்லை.

ரெனாட்டா டிஸ்க்கைத் திரும்பப் பொருத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். "இங்க பாருங்க, தேதி. ஜனவரி ஒண்ணு, 2010. கம்ப்யூட்டர் தேதியையே மறந்திருக்கு. தேதி மறந்தா எழுந்திரிக்கிற நேரம் மறந்துபோச்சு. டிஸ்க் வரிசையும் மறந்துபோச்சு. எல்லாம் ஒரே மறதி." உள்ளேயிருந்து காசு அளவில் ஒரு பேட்டரியைப் பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "செத்துப் பல வருஷம் ஆச்சு. இதுதான் அதோட ஞாபகம்."

"அப்ப புதுசு போட்டுட்டாத் தீந்துச்சு" என்றாள் ஸ்லாவ்கா.

"பொறு. இந்த பேட்டரி கரண்ட் இல்லாதப்ப மட்டும்தான் வேணும். வயரு சுவத்துல சொருகியே இருந்தா, பேட்டரி செத்தாலும் மறக்காது. பகல் பூரா மறக்கலையே. ராத்திரி மட்டும் மறக்குது." அவள் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். "யாரோ சாயங்காலம் கரண்ட்ட நிறுத்துறாங்க. காலைல நீ வர்றதுக்குள்ள திரும்பப் போட்டுடுறாங்க."

"யாரு? எலியா?" என்றார் தலைவர்.

"எலி நிறுத்தும். திரும்பப் போடாது."

கையோடு பேட்டரி இல்லாததால், எல்லாவற்றையும் மறுபடி குறித்து வைத்துவிட்டு, இன்று இரவு யாரும் மின்சாரத்தைத் தொடாமல் இருந்தால் போதும் என்று சொல்லிப் போனாள். வியாழன் காலையும் சத்தமில்லை. ஜனவரி ஒன்று, 2010.

நான் கெய்ஸாவைச் சந்தேகித்தேன். இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன் என்று சொன்னபின் இதை மட்டும் விட முடியாது. போன் செய்தி ஏற்பாட்டை விரும்பியவர் அவர். அலுவலகச் சாவி வைத்திருப்பவரும் அவர். நிரூபணம் இல்லாமல் ஒருவரைப் பற்றி வீட்டில் பேசுவது எங்கள் வழக்கமில்லை என்பதால் ஒட்டிலியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் மாலை அவள் தேவாலயத்துக்குப் போனதும், ஸ்லாவ்கா பூட்டிவிட்டுப் போவதற்குள், நான் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். தாழ்வாரத்தில், அங்கி மாட்டும் நிலைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கெய்ஸாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம்.

ஏழு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது பின்கதவில் சாவி திரும்பியது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

ஒட்டிலியா வந்தாள்.

அந்தச் சாவியை அவளிடமிருந்து யாரும் திருப்பிக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் ஒலிபரப்பு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். ஆம்ப்ளிஃபயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள், காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல. கைக்குட்டையால் மைக்கைத் துடைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்து, ஓசையில்லாமல் சொன்னாள். உதடுகளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அன்பான ஊர்மக்களே, கவனியுங்கள்.

நான் தயார் செய்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உள்ளிருந்து திறக்கிற, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற முன்கதவு வழியாக வெளியே வந்து, அவளுக்கு முன்னால் வீடு சேர்ந்து, லிண்டன் பூத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

1994இல் அவள் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் மின்னல் இறங்கி ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனது. அப்போது தலைவராக இருந்தவர் கெய்ஸாவின் தகப்பனார். சுவிட்சை இறக்காமல் போனதற்காக அவளை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி வைத்துத் திட்டினார். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "இனிமே ஒரு நாளும் இல்ல" என்றாள். அதன்பிறகு இருபத்தொன்பது வருடம் சாயங்காலம் இறக்கினாள், காலையில் ஏற்றினாள். மருத்துவமனையில் கிடந்த மாதங்கள் தவிர. நான் மறந்துவிட்டிருந்தேன். அவள் மறக்கவில்லை. பேசவே முடியாதவள் தேவாலயத்திலிருந்து தினமும் கால் மணி நேரம் தாமதமாக வருகிறாளே, யாரிடம் பேசிக்கொண்டிருப்பாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவள் வந்து துணியை மடித்து வைத்தாள்.

"ஒட்டில்கா, நான் அலுவலகத்துல இருந்தேன். இப்ப. தாழ்வாரத்துல."

அவள் என்னைப் பார்த்தாள். எழுதினாள்: "வேவு பாத்தியா?"

"கெய்ஸாவப் பிடிக்கலாம்னு போனேன்."

அவள் தோள்கள் குலுங்கின. இப்போது அவள் சிரிப்பது அப்படித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எழுதினாள்: "கோட்டுக்குப் பின்னாடியா? உன்னோட உயரத்துக்கா?"

"கேளு. ரெனாட்டா நேத்து ஒண்ணு சொன்னா. கரண்ட்ட நிறுத்தினா அந்த மெஷினுக்கு எல்லாம் மறந்துபோகுதாம். எந்திரிக்கிற நேரம், டிஸ்க் வரிசை, எல்லாம். உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு."

சிரிப்பு நின்றது. வேகமாக எழுதினாள்: "ஆறு பத்துக்கே ரொட்டி வாங்கப் போறப்ப ஏத்திடுறேனே. ஏழு மணிக்குள்ள எந்திரிக்க அதுக்கு அம்பது நிமிஷம் போதாதா?"

"அம்பது நிமிஷம் இருக்கு. எந்திரிக்கணும்ங்கிறதே ஞாபகம் இல்ல."

அவள் பென்சிலை வைத்துவிட்டாள். தன் குரலைத் தானே தினமும் மாலையில் அணைத்து வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. நாற்பத்தேழு வருட மண வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்னவற்றில் மிகக் கடினமானது அதுதான். குரல் போகும் என்பதைக்கூட மருத்துவர்தான் சொன்னார்.

சுவிட்சை ஏற்றினாலும், மறந்ததைத் திரும்பக் குறிக்க ரெனாட்டா வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டால் நாளைக் காலை அமைதியாக விடியும். ஒலிபெருக்கி போகும், குரலும் போகும். ஆனால் ஒட்டிலியா பெஸாக்தான் ஊர் ஒலிபரப்பை நிறுத்தி வைத்தாள் என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் குரல் பிழைக்கும், பேச்சு வரும். எங்கள் பெயரை ஊர் வாயில் விடாமல் காப்பதற்காக நான் வாழ்நாளில் பல காரியங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றுக்கு இப்போது வருந்துகிறேன்.

ரெனாட்டாவுக்குப் போன் செய்தேன்.

"யார்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "நான்தான். மெயின் சுவிட்ச இறக்கினது நான்."

மறுமுனையில் மாடுகள் கத்தின. "மாமா, உங்ககிட்ட சாவியே இல்லையே."

நான் ஒட்டிலியா பக்கம் பார்த்தேன்.

"அத்தை பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி. "இருக்கட்டும். வர்றேன். பால்பண்ணைல ஒரு பேட்டரி உபரியா இருக்கு. அத்தையையும் கூட்டிட்டு வாங்க, கதவத் திறக்கணுமில்ல."

அரை மணி நேரத்தில் வந்தாள், பூட்சோடு, சாண வாசனையோடு. நாங்கள் மூன்று பேர் மட்டும். வானம் மேற்கில் இன்னும் சிவந்திருந்தது. ஒட்டிலியா நெம்புகோலை ஏற்றினாள். ரெனாட்டா புதுப் பேட்டரியை அமுக்கி, தேதியையும் நேரத்தையும் குறித்து, வரிசையில் சிஸ்டம் டிஸ்க்கை முதலிலும் எங்கள் டிஸ்க்கைக் கடைசியிலும் வைத்து, ஆறு ஐம்பதுக்கு எழும்படி செய்தாள். பிறகு நெம்புகோலைப் பார்த்தாள், ஒட்டிலியாவைப் பார்த்தாள்.

"இனிமே இதத் தொடாதீங்க அத்தைன்னு சொன்னா?"

ஒட்டிலியா எழுதினாள்: "மின்னல் வந்தா?"

"கவுன்சில் பாத்துக்கும்."

"கவுன்சில் ஏழு மணிக்குத் தூங்கப் போயிடும்."

ரெனாட்டா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்து போனாள். சமையல் மூலையில் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் இன்னொரு பிளக் இருந்தது. அதற்கு மின்சாரம் வேறு பாதையில் வருகிறது, இந்த நெம்புகோலுக்கு அது கட்டுப்படாது. நீளமான ஒரு வயரை விரிப்புக்கடியில் ஓட்டிக் கணினியை அதில் மாட்டினாள்.

"இப்ப கம்ப்யூட்டர் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி. நீங்க சாயங்காலம் இறக்குங்க. ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் அணையும். கம்ப்யூட்டருக்கு எப்பவும் கரண்ட் இருக்கும், அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும். ஆனா ஒண்ணு. காலைல நீங்க வந்து ஏத்தலன்னா கம்ப்யூட்டர் பேசும், ஊருக்குக் கேக்காது. வருவீங்களா?"

ஒட்டிலியா தலையசைத்தாள். ரெனாட்டாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு நெம்புகோலை இறக்கினாள். கணினியில் சின்ன பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று இரவு மின்னல் வரவில்லை. தூரத்தில் ஓர் இடிகூட இல்லை. வந்திருந்தால் கேட்பவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முன்பு சொன்ன ஐந்து பேரும் அதே அறையில் இருந்தோம். போபிக்கும். ஸ்லாவ்கா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு பத்துக்கே ஒட்டிலியா வந்து நெம்புகோலை ஏற்றியிருந்தாள், அதன்பிறகு யாரும் எதையும் தொடவில்லை. ஆறு ஐம்பதுக்கு விசிறி சுழன்றது. முதல் டிஸ்க், இரண்டாவது, அப்புறம் எங்கள் கரகரப்பு. திரையில் நீலம் வரவில்லை. ஏழு அடித்ததும் வெளியே கம்பங்களில் பாட்டு எழுந்தது. அதன்பின் தெரு முழுக்க, தேவாலயத்து மேடு வரைக்கும், எதிர்க் குன்றில் பட்டு ஒரு நொடி கழித்துத் திரும்பியும் வந்தது அவள் குரல்.

எதிர் வீட்டு முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கிழவர், மரணச் செய்தி இல்லை என்று தெரியாமல், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சரி, என்னதான் ஆச்சு?" என்றார் தலைவர். "என்ன பழுது?"

"அது நான்..." என்று ஆரம்பித்தேன்.

ஒட்டிலியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டை அவரிடம் நீட்டினாள். இரவே எழுதி வைத்திருக்கிறாள். கெய்ஸா மெதுவாகப் படித்தார்: "'மெயின் சுவிட்ச இறக்கினது நான். தினமும். 1994லிருந்து. உங்க அப்பா சொன்னதால.'"

கெய்ஸாவுக்கு அப்போது பதினேழு வயது. ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்தார். அவர் நோட்டை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு, அத்தை" என்றார். பிறகு, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

போன் செய்தி ஏற்பாடு கைவிடப்பட்டது. இப்போது இரண்டு மாதம் ஆகிறது. கணினி ஒரு நாளும் தவறவில்லை. பதினான்கு வருடப் பதிவுகளையும் ரெனாட்டா இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து என்னிடம் தந்திருக்கிறாள். அது அலமாரியில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேருமாக நடந்து போகிறோம். ஆம்ப்ளிஃபயரின் சூட்டை அவள் பார்ப்பாள், நான் தாழ்வாரத்தில் நிற்பேன். மைக்கின் முன்னால் அவள் உட்காரும் நேரத்தில் நான் உள்ளே போவதில்லை.

ஸ்லாவ்காவின் குரல் தன் குரலுக்குப் பின்னால் வருவதைப் பொறுக்காமல் ஒட்டிலியா பொறாமையில் சுவிட்சை நிறுத்தினாள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. மின்னல் வரலாம் என்று இறக்கினாள். காலையில் ஏற்றினாள்.